வீதி மரணங்களைக் குறைக்க எங்கே கை வைக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "இலங்கையில் நாளாந்தம் ஆறு, ஏழு, எட்டுப் பேர் வீதியில் சாகிறார்கள். தண்டப்பணத்தைப் பல மடங்கு கூட்டி, அனுமதிப்பத்திரத்தையும் பறித்தால் சாரதிகள் திருந்திவிட மாட்டார்களா? வேறு என்னதான் செய்வது?"

தண்டனையைக் கூட்டினால் சில வாரங்களுக்கு வேகம் குறையும். பிறகு பழையபடிதான். பிடிபடுவோம் என்ற எண்ணமே இல்லாதவனுக்கு 2,000 ரூபாயும் 25,000 ரூபாயும் ஒன்றுதான். அதைவிட முக்கியமானது, சாரதி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒருநாள் பிழைவிடுவார் என்பது. பாதசாரியும் விடுவார், பள்ளிப் பிள்ளை கட்டாயம் விடும். அந்தப் பிழைக்கு விலையாக உயிர் போகுமா, முழங்கால் சிராய்ப்போடு முடியுமா என்பதை மோதும் கணத்தில் இருக்கும் வேகமும், அங்கே வீதி எப்படி அமைந்திருக்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன. சுவீடன் 1997இல் தன் வீதிக் கொள்கையை இந்த அடிப்படையில்தான் மாற்றி எழுதியது. நாமும் கை வைக்க வேண்டிய இடம் அதுவே.

முதலில், இங்கே சாவது யார் என்று பார்ப்போம். உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி இலங்கையில் வருடத்துக்குச் சராசரியாக 38,000 விபத்துகள், ஏறத்தாழ 3,000 மரணங்கள், 8,000 பாரிய காயங்கள். காருக்குள் இருப்பவர்கள் இதில் சிறுபான்மை. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும் நடந்து போகிறவர்களுமே பெரும்பங்கு. பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நம் திட்டத்தின் நடுவில் இருக்க வேண்டியவர் உடம்பைச் சுற்றித் தகரம்கூட இல்லாத மனிதர்.

இனி வேகம். உலர்ந்த வீதி, நல்ல டயர், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் என்று வைத்துக் கணக்கிட்டால், 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 13 மீற்றர் போதும். 50இல் வந்தால் 28 மீற்றர், 60இல் வந்தால் 36 முதல் 37 மீற்றர் வேண்டும். 50இல் வந்த கார் ஒரு பிள்ளைக்கு மயிரிழையில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அதே இடத்தில் பிள்ளையைக் கண்டு பிரேக் பிடித்த 60 கி.மீ. கார், பிள்ளை நிற்கும் இடத்துக்கு வரும்போது இன்னும் ஏறக்குறைய 40 கி.மீ. வேகத்தில் இருக்கும். 70இல் வந்தது 58இல் மோதும். "பத்துக் கிலோமீற்றர்தானே கூட" என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துக்கான அபாயம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழையில் ஈரமான வீதியும் தேய்ந்த டயரும் சேர்ந்தால் 50 கி.மீ. கார்கூட நிற்க 38 மீற்றர் அளவு எடுக்கும்.

இலங்கையில் நகர்ப்புறத்தில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 50 கி.மீ., முச்சக்கர வண்டிக்கு 40 கி.மீ. என்று எல்லை இருக்கிறது. பாதசாரிகளும் வாகனங்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் 30 கி.மீ. என்பதே 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் நாடுகள் கூடி வெளியிட்ட பிரகடனத்தின் சிபாரிசு. பாடசாலை வாசல்கள், ஆஸ்பத்திரி முன்றல்கள், புறக்கோட்டைச் சந்தைத் தெருக்கள், கொட்டாஞ்சேனைக் கோயில் வீதிகள் எல்லாம் அதற்குள் வர வேண்டியவை. ஆனால் பலகை நட்டால் வேகம் குறையாது. அகலமாக, நேராக, மென்மையாகப் போட்ட வீதி சாரதியின் காலை அழுத்தச் சொல்லும். 30 என்று எழுதிய வீதி 30க்கு ஏற்றதாகத் தெரிய வேண்டும்.

காலி வீதியில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையிலுள்ள ஒரு மஞ்சள் பாதசாரிக் கடவையை எடுத்துக்கொள்வோம். இங்கே ஆளைக் கொல்லும் முறை ஒன்று திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒரே திசையில் இரண்டு மூன்று நிரையாக வாகனங்கள் வருகின்றன. ஓரத்து நிரையில் பஸ் மரியாதையாக நிற்கிறது. நம் ஆள் கையைக் காட்டிவிட்டு இறங்குகிறார். பஸ்ஸின் உயரம் அவரை மறைப்பதால் அடுத்த நிரையில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அவர் தெரிவதில்லை. பஸ்ஸின் மூக்கைத் தாண்டி அவர் தலையை நீட்டும்போது பிரேக் பிடிக்கத் தூரம் இல்லை. பாதசாரி சட்டப்படி நடந்தார், பஸ் சாரதியும் சட்டப்படி நின்றார். மோட்டார் சைக்கிள்காரரைக் குற்றஞ்சாட்டலாம், ஆனால் அந்தக் கடவை அப்படியே இருக்கும்வரை அடுத்த மாதம் வேறொருவர் அதே இடத்தில் விழுவார்.

இதைத் திருத்தும் வழிகள் புதியவை அல்ல, பெரிய செலவும் இல்லை. நிறுத்தற்கோட்டைக் கடவையிலிருந்து ஐந்தாறு மீற்றர் பின்னுக்குத் தள்ளினால் நிற்கும் பஸ்ஸுக்கும் கடவைக்கும் நடுவே பார்வைக்கு இடைவெளி கிடைக்கும். பஸ் தரிப்பிடத்தைக் கடவைக்கு முன்னால் வைக்காமல் தாண்டிய பிறகு வைத்தால், இறங்கியவர்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஓடாமல் பின்னால் கடப்பார்கள். கடவைக்கு முந்திய பத்து மீற்றரில் வாகனம் நிறுத்த இடமில்லாதபடி நடைபாதையை வீதிக்குள் நீட்டிக் கட்ட வேண்டும். "நிறுத்தாதே" என்று பலகை வைத்தால் அதன் கீழேயே முச்சக்கர வண்டி நிற்கும். நடுவில் குறைந்தது 1.8 மீற்றர், முடிந்தால் 2 மீற்றர் அகலத்தில் ஒரு தீவு இருந்தால், முதியவர் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்துக் கடக்கலாம். தள்ளுவண்டியோடு நிற்கும் தாய்க்கு அதைவிடக் குறைந்த அகலம் போதாது.

எல்லாவற்றிலும் கூடிய பலன் தருவது உயர்த்திய கடவை, அதாவது கடவையையே நடைபாதை மட்டத்துக்குத் தூக்குவது. உயரம் 75 முதல் 100 மில்லிமீற்றர். பஸ் ஓடும் வீதியென்றால் மேல்தட்டு 6 மீற்றராவது இருக்க வேண்டும், ஏறும் சரிவு 1:15 முதல் 1:20 வரை. சரிவு செங்குத்தானால் பஸ்ஸில் பின் ஆசனத்தில் இருப்பவரின் முதுகெலும்பு அடிபடும், அம்புலன்ஸும் தவிக்கும். நம் ஊரில் இது கெட்டுப்போவது மூன்று காரணங்களால். முதலாவது மழைநீர். நடைபாதையோடு ஒட்டிக் கட்டி வடிகாலை அடைத்துவிட்டால், ஒரு மழைக்கே கடவை குளமாகி, அடுத்த கிழமை உடைத்துவிடுவார்கள். ஓரத்தில் குழாயோ கம்பித்தட்டு மூடிய கானோ விட வேண்டும். இரண்டாவது வர்ணம். வழுவழுப்பான பூச்சு மழையில் மோட்டார் சைக்கிளைச் சறுக்கிவிடும், ஆகவே பூசும்போதே சொரசொரப்பான துகள் தூவப்பட வேண்டும். மூன்றாவது வெளிச்சம். விளக்குக் கம்பத்தைக் கடவைக்கு நேர் மேலே வைப்பார்கள், ஆளின் தலை உச்சிதான் ஒளிரும். வாகனம் வரும் பக்கமாகச் சற்று முன்னால் வைத்தால் சாரதி பார்க்கும் பக்கம் வெளிச்சம் படும்.

சமிக்ஞை விளக்குள்ள சந்திகளில் பச்சை மனிதனின் நேரத்தையும் கவனிக்க வேண்டும். சாதாரணமாக நடப்பவர் செக்கனுக்கு 1.2 மீற்றர் போவார், முழங்கால் வலியுள்ள முதியவர் 0.8 மீற்றர்தான். 14 மீற்றர் வீதியை முன்னவர் 12 செக்கனில் கடந்துவிடுவார், பின்னவருக்கு 17 அல்லது 18 செக்கன் வேண்டும். நேரத்தை முன்னவருக்கு வைத்துவிட்டு முதியவர்களைக் "கவனமாகப் போங்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. போக்குவரத்து நெரிசல் நேரத்தில் பொலிஸார் விளக்கை அணைத்துவிட்டுக் கையால் வழிநடத்தும் வழக்கமும் பாதசாரியின் முறையைத்தான் முதலில் விழுங்குகிறது.

பஸ்ஸுக்கு வருவோம். 100ஆம், 101ஆம், 138ஆம் இலக்கப் பாதைகளில் இரண்டு பஸ்கள் பக்கம் பக்கமாகப் பறப்பதை அறியாத கொழும்புவாசி இல்லை. அதற்குக் காரணம் சாரதியின் குணத்தைவிட அவருக்குச் சம்பளம் வரும் விதம். தனியார் பஸ்கள் பலவற்றில் சாரதியும் நடத்துநரும் அன்றைய வசூலில் பங்கு பெறுகிறார்கள், அல்லது உரிமையாளருக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு மிச்சத்தை எடுக்கிறார்கள். தரிப்பிடத்தில் காத்திருக்கும் பத்துப் பேரை முன்னால் போகும் பஸ் அள்ளிவிட்டால் பின்னால் வருபவருக்கு வீட்டுச் செலவு குறைகிறது. ஆகவே ஆள் நிறையும்வரை ஊர்ந்து, பின்னால் இன்னொரு பஸ் தெரிந்ததும் பறக்கிறார்கள். சிலியின் தலைநகர் சந்தியாகோவில் பயணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய சாரதிகளையும் நிலையான சம்பளம் வாங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் வகையினருக்கே விபத்து அதிகம். 2007இல் அந்த நகரம் பஸ் முறையையே மாற்றியது. இங்கும் செய்ய வேண்டியது அதுதான். வசூல் ஒரு பொதுக் கணக்குக்குப் போக வேண்டும், உரிமையாளருக்கு ஓடிய கிலோமீற்றருக்குப் பணம், சாரதிக்கு மாதச் சம்பளம், அரசின் இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணையில். இதைச் செய்யாமல் பஸ் சாரதிகளுக்கு நடத்தும் ஒழுக்கக் கருத்தரங்குகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தூர சேவைகளில் அட்டவணையே வேகத்தைத் திணிக்கும். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கி.மீ. நகருக்கு வெளியே பஸ்ஸுக்கு எல்லை 60 கி.மீ. எங்கும் நிற்காமல், எந்த ஊரிலும் குறைக்காமல் அந்த வேகத்தில் போனாலே 6 மணி 40 நிமிடம். ஊர்களில் குறைத்து, சாப்பாட்டுக்கும் முறிகண்டியில் தேங்காய் உடைக்கவும் நிறுத்தினால் எட்டரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்துவிடும். ஆறரை மணித்தியாலத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று ஒரு சேவை விளம்பரம் செய்தால், சட்டத்தை மீறுவோம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது என்று பொருள். அனுமதி கொடுக்கும் இடத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டு நிராகரிக்கலாம். புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் பார்த்தாலே போதும், ரேடார்கூட வேண்டாம். இரவு ஓட்டத்துக்கு இரண்டு சாரதிகள் கட்டாயம். ஒருவர் தொடர்ந்து நாலரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதிகாலை இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் கண் திறந்தபடியே மூளை தூங்கிவிடும், பிளேன்ரீ அதைக் கொஞ்ச நேரத்துக்குத்தான் தள்ளிப்போடும்.

மலைநாடு தனிக் கதை. 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர். ஒவ்வொரு முறையும் பேச்சு சாரதியோடு முடிந்துவிடுகிறது. பள்ளத்தின் விளிம்பில் என்ன தடுப்பு இருந்தது என்றும் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஈஎன் 1317 தரத்தில், காருக்கான என்2 வகைத் தடுப்பை 1,500 கிலோ கார் ஒன்றை மோதவிட்டுத்தான் பரீட்சிக்கிறார்கள். பஸ்ஸைத் தாங்க வேண்டிய எச்2 வகைக்கு 13,000 கிலோ பஸ்ஸை 70 கி.மீ. வேகத்தில் 20 பாகை சாய்வில் மோதவிடுகிறார்கள். காருக்கான வேலியைப் பஸ் ஓடும் பள்ளத்தின் ஓரத்தில் நட்டால் அது கடதாசிதான். எல்லா மலைவீதிக்கும் எச்2 போட நாட்டில் பணம் இல்லை. ஆனால் பஸ் பாதையில், வெளிப்பக்க வளைவில், ஆழப் பள்ளம் உள்ள இடங்களை வரிசைப்படுத்தி வருடத்துக்குச் சில கிலோமீற்றராவது போடலாம். இறக்கத்தில் சாரதிக்கான விதி பழையதே: ஏறிய கியரில் இறங்கு. பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கினால் டிரம் சூடாகி, லைனிங் பிடிப்பை இழக்கும். மிதி கடினமாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. லொறி செஸியில் உடல் கட்டிய பஸ்களில் தளம் உயரம், கவிழும் வாய்ப்பும் அதிகம். கூரைச் சட்டம் கவிழ்ந்தால் தாங்குமா என்று பரீட்சிக்காமல் பதிவு கொடுப்பது நிற்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில், தலைக்கவசம் போடும் பழக்கம் நாட்டில் நன்றாகவே வந்துவிட்டது. போட்டும் சாவதற்குக் காரணம் பல சமயம் பட்டியும் தரமும். தாடைப் பட்டிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்ந்தால் முதல் மோதலில் கவசம் பறந்துவிடும். பட்டியை மாட்டிக்கொண்டு பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே தள்ளிப் பாருங்கள். கழன்று முன்னால் வந்தால் அது உங்கள் அளவு இல்லை. உள்ளே இருக்கும் வெள்ளை நுரைதான் மோதலை வாங்கி நசுங்கும் பாகம். ஒருமுறை நசுங்கினால் மீளாது, வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும் மாற்ற வேண்டும். எஸ்எல்எஸ் தர முத்திரை இல்லாத, நுரைக்குப் பதில் பஞ்சு வைத்த தொப்பிகள் நடைபாதையில் விற்கப்படுவதைச் சுங்கத்திலும் மொத்தக் கடையிலும் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். வீதியில் போகிறவரை மறித்துப் பயனில்லை. பெற்றோல் டாங்கியில் உட்காரவைத்த பிள்ளைக்கு அளவான கவசம் வேண்டும், பெரியவர் கவசம் பிள்ளையின் கழுத்துக்கு ஆபத்து.

பிரேக் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது, முன் பிரேக் பிடித்தால் கவிழும் என்று. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சில்லுக்கு மாறுவதால் நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு அங்கேதான் கிடைக்கும். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவருக்கு நிற்க ஏறத்தாழ இரு மடங்கு தூரம் தேவை. ஆளற்ற மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில், இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்திப் பழகினால் ஒரு மாலையில் வந்துவிடும். இந்தியாவில் 125 சீசீக்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிள்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமாகிப் பல வருடமாகிவிட்டது. இங்கே இறக்குமதி விதியிலேயே அதை வைப்பது மிக மலிவான உயிர்காப்பு.

ஆசனப்பட்டி 2011இலிருந்து முன் ஆசனங்களுக்குக் கட்டாயம். பின் ஆசனத்தில் இருப்பவர்கள் இன்னும் அலட்சியம். 50 கி.மீ. வேகத்தில் மோதுவது பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுவதற்குச் சமம். பட்டி போடாமல் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் முதுகில்தான் போய் விழுவார். மடியில் வைத்த பிள்ளையை எந்தத் தாயின் கையாலும் பிடித்துவைக்க முடியாது.

இனி, விதி மீறுவோரைப் பிடிப்பதைப் பற்றி. 2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் சீசீடீவி மூலம் தண்டம் எழுதுகிறார்கள், நல்ல தொடக்கம். பொலிஸ் ஒரே வளைவில் ஒளிந்து நிற்கும் முறையை எதிரே வரும் வாகனங்கள் லைட்டை அடித்துக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இடமும் நேரமும் மாறிக்கொண்டே, சிறிய தண்டத்தைத் தவறாமல் வீட்டுக்கு அனுப்புவது பெரிய தண்டத்தை எப்போதாவது விதிப்பதைவிட வலியது. மதுவுக்கும் இதே விதி: சந்தேகம் வந்தவரை மட்டும் ஊதவைக்காமல், இரவு பத்துக்குப் பிறகு மறிக்கும் ஒவ்வொருவரையும் ஊதவைக்க வேண்டும்.

விபத்து நடந்த பிறகும் உயிர்கள் போகின்றன. 1990ஐ அழையுங்கள், 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இடத்தைச் சொல்லும்போது வீதியின் பெயர், அருகிலுள்ள கோயில், வங்கி அல்லது கிலோமீற்றர் கல், போகும் திசை மூன்றையும் சொல்ல வேண்டும். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பிடித்துக்கொண்டே இருங்கள். மூச்சு விடுகிற ஆளின் தலைக்கவசத்தை இழுக்க வேண்டாம். மூச்சு நின்றிருந்தால் மட்டும் ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றவர் கழற்றலாம். முச்சக்கர வண்டியில் மடக்கி ஏற்றுவதே நம் ஊரில் முதுகுத்தண்டுக்கு நடக்கும் இரண்டாவது விபத்து. உதவ வந்தவரை நீதிமன்றத்துக்கு அலையவிடாத சட்டப் பாதுகாப்பும் தேவை.

இத்தனையும் தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை? காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, அதில் வந்து சேரும் குறுக்குத் தெரு மாநகர சபையுடையது, மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸின் அனுமதி மாகாண அதிகார சபையிடம், மாகாணம் தாண்டும் பஸ்ஸுடையது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம், தண்டம் பொலிஸிடம், காயங்களின் உண்மைக் கணக்கு ஆஸ்பத்திரியிடம். வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபை இருக்கிறது, ஆனால் மற்றவர்களுக்குக் கட்டளையிடும் பலம் அதற்கு இல்லை. இந்த வருடம் எத்தனை மரணம் குறைய வேண்டும் என்று இலக்கு வைத்து, பணத்தைக் கையில் கொடுத்து, குறையாவிட்டால் பதில் சொல்ல ஒரு அதிகாரியை நியமிக்கும்வரை ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுவார்கள்.

உங்கள் தெருவிலேயே தொடங்க விரும்பினால், முறைப்பாட்டோடு கணக்கையும் கொடுங்கள். வீதியோரத்தில் 50 மீற்றரை அளந்து இரண்டு கம்பங்களில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒரு வாகனம் அதை 3.6 செக்கனில் கடந்தால் 50 கி.மீ., 3 செக்கனில் கடந்தால் 60 கி.மீ. நெரிசல் இல்லாத நேரத்தில், முன்னால் வேறு வாகனம் தடுக்காத நூறு வாகனங்களை நடைபாதையில் நின்றபடி தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து, வேகம் குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்குங்கள். எண்பத்தைந்தாவது வாகனத்தின் வேகமே பொறியியலாளர் கேட்கும் எண். அதையும் கடவையின் படங்களையும் பாடசாலை விடும் நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து, அந்த வீதி யாருடையது என்று பார்த்து மாநகர சபைப் பொறியியலாளருக்கோ வீதி அபிவிருத்தி அதிகார சபையின் நிறைவேற்றுப் பொறியியலாளருக்கோ அனுப்புங்கள், பிரதியைப் போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் கொடுங்கள். கேட்பது ஒன்றாக இருக்கட்டும்: இந்த இடத்தில் உயர்த்திய கடவை, அல்லது நடுத்தீவு. கட்டி முடித்து மூன்று மாதத்தில் அதே கோடுகளில் இன்னொரு நூறு வாகனங்களை அளந்து, இரண்டு கணக்கையும் அவர்களிடமே கொடுங்கள். அடுத்த தெருவுக்கு அனுமதி கேட்கும்போது அந்த இரண்டு தாள்களும் உதவும்.